படிவத்தில் எழுதிய ‘இல்லை’

உமாசுதன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் கலக்கினான். வலிப்பு மருந்தைச் சிரிஞ்சில் இரண்டரை மில்லி இழுத்து, ஆறு மாதக் குழந்தை சுபாங்கியின் கன்னத்தோரம் விட்டான். வாயைத் துடைத்தான். குழந்தையின் கைகால் ஒருமுறை வெட்டியிழுத்து அடங்கியது. குளிர்பெட்டியில் ஒட்டிய தாளில் நேரத்தைக் குறித்தான்.

ஏழு மணிக்கு மாமனார் பேரின்பநாயகம் குவீன்ஸ்டவுனிலிருந்து வந்தார். மகள் வினுஷா இறந்த இரண்டு மாதமாக, உமாசுதன் வேலைக்குப் போனால் பேத்தியைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

“இன்னிக்கு எம்ஆர்டி ரயில்ல ஒரு பொண்ணு எழுந்து இடம் குடுத்துச்சு தம்பி. கிழவன்னு ஒத்துக்க வேண்டியதாப் போச்சு லா.”

சிரித்தது அவர் மட்டும். பிறகு குரலைத் தணித்தார்.

“பாப்பாவுக்காக எடுத்த ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சாமே? எங்க பக்கம்னா மறைக்காதீங்க. சுஜீந்திரன் பொண்டாட்டிக்கு மூணு மாசம். ரெண்டு பேரும் பயந்துபோய்க் கிடக்கறாங்க.”

சுஜீந்திரன் வினுஷாவின் தம்பி.

குழந்தைக்குப் பிறந்த நான்காம் நாளே வலிப்பு வந்தபோது, மருத்துவமனையில் குடும்ப வரலாற்றுப் படிவம் கொடுத்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது தனக்கும் வலிப்பு வந்து நின்றது அவனுக்குத் தெரியும். அவனுடைய அம்மா யோகம் தனியே இழுத்து முந்திக்கொண்டாள்: “தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கோம். வாயைத் திறக்காத.” தன் பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினான். வினுஷாவின் பக்கத்தில், பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபின் வலிப்பு வந்த அவள் சித்தப்பாவை எழுதினான். வினுஷா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என் பக்கம் மாமா,” என்றான். “எனக்கும் பிறந்தப்ப வந்துச்சு. தெரிஞ்சே மறைச்சேன். மரபணுவுல இருக்கற அந்தப் பிழை என் உடம்புல கொஞ்சம் செல்லுல மட்டும் இருக்காம். அதான் எனக்கு நின்னுபோச்சு. பாப்பாவுக்கு உடம்பு முழுக்க. வினுஷா ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. சுஜீந்திரன் பயப்பட வேணாம்.”

பேரின்பநாயகம் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் சிராங்கூன் சாலையில் அவள்மீது லாரி மோதியது. அவன் ரத்தம் கொடுத்தது அவள் காரியம் முடிந்த பிறகு.

“ரெண்டு பேரையும்தானே வரச்சொன்னாங்க? நீங்க ஏன் கூடப் போகல?”

அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னதை, தலை நிமிராமல், ஒரு சொல் மாற்றாமல் அவரிடம் சொன்னான்.

“உங்க ரத்தம் எதுக்கு? எங்க பக்கந்தானே லா. நீங்க வேலைக்குப் போங்க.”