வடக்கே சூலம், பரிகாரம் பால்

பால்கோவா கடைக்கு வந்து பால் இல்லாத காப்பி கேட்டவர்கள் என் முப்பது வருஷ வியாபாரத்தில் இரண்டே பேர். ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். அவரும் கடுங்காப்பியைக் குடித்தபடி கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கால் கிலோ கட்டச் சொன்னார். இன்னொருத்தி முனீஸ்வரி.

போன தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் பால்கேன்களை இறக்கி, முதல் அடுப்பை அப்போதுதான் மூட்டியிருந்தோம். கியர் வைத்த சைக்கிள் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை. ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதியிருந்தது: ‘ராஜபாளையம் முதல் ஜம்மு வரை. தனிப் பயணம்.’

முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு, “அண்ணாச்சி, ஒரு கடுங்காப்பி. பன்னு இருந்தா ரெண்டு,” என்றாள்.

“ராஜபாளையத்துல இருந்தா வார?”

“ஆமா.”

“பன்னெண்டு கிலோமீட்டருக்கு ஒரு ரெஸ்ட்டுன்னா ஜம்முவுக்குப் போய்ச் சேர எம்புட்டுக் கடுங்காப்பி ஆகும், கணக்குப் போட்டியா தாயி?”

சிரித்தாள். “வீட்டுல இட்லி வச்சாக. எங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டே திங்க முடியல. அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன்.”

பன்னைப் பிய்த்துக் காப்பியில் நனைத்துத் தின்றாள். எனக்கு அந்தத் தகரம்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

“தனியாப் போறத எதுக்கு எழுதிப் போட்டிருக்க? பின்னால ஆறு பேரு வாராகன்னு எழுது.”

“அது பொய்யில்ல?”

“மேல எங்க போர்டைப் பாரு. ‘வேறு கிளை இல்லை’ன்னு இருக்கா? கோயில் பக்கத்துல ஒண்ணு இருக்கு. என் மச்சான் பேருல.”

அதைக் கேட்டுச் சிரித்தவள், இறுக்கம் கொஞ்சம் தளர்ந்து தன் கதையைச் சொன்னாள். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை. துணிக்கட்டை அடுக்கி, பெட்டியை மூடி, மேலே ஊர்ப்பேர் ஒட்டி லாரிக்கு அனுப்ப வேண்டும்.

“ஒம்பது வருசமா ஒட்டுதேன் அண்ணாச்சி. நாக்பூர், ஜான்சி, லூதியானா, பதான்கோட், ஜம்மு. பெட்டியெல்லாம் ஊர் பாக்கப் போயிருது. ஒட்டுனவ மட்டும் அதே டேபிளுக்குப் பக்கத்துல நிக்கேன்.”

“லீவு குடுத்தாகளா?”

“ரெண்டு மாசம், சம்பளம் இல்லாம. இது மூணாவது லீவு. மொதத் தடவை கிளம்புறன்னைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி, பொறவு மழை. போன வருசம் எங்க மாமாவுக்கு நெஞ்சு வலி. அவரு இப்போ நல்லா கறிதோசை திங்காரு. இந்தத் தடவையும் பாதியில திரும்புனா அப்புறம் லீவுன்னு வந்து நிக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு.”

சொல்லி முடித்து அவள் ஹெல்மெட்டை எடுப்பதற்கும், ஒரு எக்ஸெல் வண்டி கடை முன்னால் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. இறங்கியவர் ஸ்டாண்டைப் போட்டு, வண்டி நேராக நிற்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று அதிலேயே தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்க்.

“ஏட்டி முனீஸ்வரி, சைக்கிளைத் திருப்பு.”

“சித்தப்பா, நீ எதுக்கு வந்த?”

“உங்கம்மா அனுப்புனாக.” பிளாஸ்க்கை பெஞ்சில் வைத்தார். “பாலு. இதக் குடிச்சா நீ போகலாம். குடிக்கலன்னா என்கூட வீட்டுக்கு வா. ரெண்டுல ஒண்ணு. வேற பேச்சு இல்ல.”

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வடக்கே பயணம் கிளம்புகிறவர் பால் சாப்பிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லை. இது தினசரிக் காலண்டர் தொங்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். அன்று காலையிலும் அவள் அம்மா செல்லத்தாய் ஒரு டம்ளர் பாலைக் கையில் கொடுத்திருக்கிறார். முனீஸ்வரி அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் நாய்த் தட்டில் ஊற்றிவிட்டாள்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

“நாய்க்குக் கஞ்சி ஊத்துனாகளாம். மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிடுச்சாம். மீசையில பாலாடை. பரிகாரத்தை நாய்க்குப் பண்ணிட்டு நீ சூலத்துல போயிக்கிட்டிருக்க. நாய் இப்போ தாராளமா ஜம்மு போகலாம்.”

“சித்தப்பா, பாலு குடிச்சா எனக்கு வயித்தக் கலக்கும்னு உனக்குத் தெரியும்லா. சின்னதுல இருந்து அப்படித்தான். இன்னைக்கு மதுரை வரைக்கும் எழுபத்தஞ்சு கிலோமீட்டர். நடுவுல வயித்தக் கலக்குனா ஒரு பொம்பள எங்கன இறங்கி எங்கன போவா?”

“மதினி அத வெறும் சாக்குங்காக,” என்று மட்டும் சொன்னார் சித்தப்பா வேல்பாண்டி. ஆனாலும் பிளாஸ்க்கை எடுக்கவில்லை. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவர் பின் சக்கரத்துப் பையைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தார்.

இரண்டு பேரும் விலையைச் சொல்லிவிட்டு அசையாமல் நிற்கும்போது என் அப்பா விலையைப் பேசவே மாட்டார். சரக்கை மாற்றிக் காட்டுவார். நான் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

“வாங்க, இத வாசிங்க.”

வேல்பாண்டி கண்ணாடியை எடுத்து மாட்டினார். “சூலம், வடக்கு. பரிகாரம், பால்.”

“இதுல குடிக்கணும்னு எங்க போட்டிருக்கு?”

மறுபடி வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் ஆர்டரை எழுத்துப்படி நிறைவேற்றிய மனுஷன். “போடலையே,” என்றார் மெதுவாக.

“பாலுன்னுதான் இருக்கு. எந்தப் பாலு, எம்புட்டு, உள்ளயா வெளியயா, ஒண்ணும் இல்ல. கூடக் கொண்டு போனாலும் பாலுதான்.”

“அப்போ பிளாஸ்க்கை சைக்கிள்ல கட்டி விட்டுருவோம்.”

“திருமங்கலம் போறதுக்குள்ள திரிஞ்சிரும் சித்தப்பா,” என்றாள் முனீஸ்வரி.

“திரிஞ்சா தயிராப் போகுது.”

“தயிரு கிழக்குக்குல்லா பரிகாரம்,” என்றேன். “வடக்க தயிரோட போனா இன்னும் வில்லங்கம்.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, முந்தின நாள் போட்ட பால்கோவாவில் கால் கிலோவை எடுத்து இலையில் வைத்தேன். “இதுல ஒரு லிட்டர் பாலாவது இருக்கும். சிந்தாது, ரெண்டு நாளைக்குத் திரியாது. பாலை ஊர் விட்டு ஊர் கொண்டு போறதுக்குத்தான இத்தனை அடுப்பு எரியுது.”

“நான் ஒத்துக்கிட்டு என்ன செய்ய? மதினி ஒத்துக்கிடணும்,” என்று வேல்பாண்டி போனைப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்து, நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

“யாரு அந்த வக்கீலு?” என்றது செல்லத்தாயின் குரல்.

நான் கடைப்பேரைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, உங்க கடைக் காலண்டருதான் எங்க அடுப்படியில தொங்குது. அதுல பாத்துத்தான் நான் குடுத்தேன். இப்போ நீங்களே இல்லன்னு சொல்லுதீகளா?”

புத்தாண்டுக்கு ஐந்நூறு காலண்டர் அடித்துக் கொடுத்ததன் பலன் இப்படி வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் செல்வாக்கு இருந்தது.

“இல்லன்னு சொல்லல அக்கா. நம்ம காலண்டரு, நான் மாறிப் பேசுவனா? எம்புட்டுன்னுதான் பேசுவோம்.”

“ஒரு டம்ளர்.”

“வயித்துக்கு ஆகாதுங்கா.”

“அரை டம்ளர்.”

“ரோட்டுல போற பிள்ள அக்கா.”

“அப்போ ஒரு மடக்கு. நாக்குல படாம எப்படி அண்ணாச்சி பரிகாரம் சேரும்?”

“நாக்குல படணும், அவ்வளவுதான? இந்தப் பால்கோவாவுல ஒரு சுண்டைக்காய் அளவு. மிச்சம் கூடவே போகும்.”

முனீஸ்வரி அதற்குத் தலையாட்டினாள். நான் பேரம் படிந்துவிட்டதென்றே நினைத்தேன். ஆனால், “சுண்டைக்காய் பத்தாது,” என்றார் செல்லத்தாய். சரி, நெல்லிக்காய் அளவு என்றேன். “இன்னைக்கு சரி, நாளைக்கு புதன், அன்னைக்கும் வடக்கேதான சூலம்?” என்றார். நாளைக்கும் ஒரு சுண்டைக்காய் என்றேன். “முந்தின நாள் போட்டதுன்னா புளிச்சிருக்கும்,” என்றார்.

விலையை இவ்வளவு இறக்கிய பிறகும் ஒருவர் சரக்கில் குறை தேடினால், அவர் வாங்க வந்தது வேறு ஏதோ. நான் இலையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“அண்ணாச்சி,” என்றார் செல்லத்தாய். குரல் இறங்கியிருந்தது. “ராத்திரி அவ எங்க படுப்பா?”

முனீஸ்வரி போனைக் கையில் எடுத்தாள். “லாட்ஜ்லதாம்மா. எல்லா ஊர்லயும் இருக்கு.”

“மொழி தெரியாத ஊருல, தனியா வந்த பொம்பளைக்கு, எந்த லாட்ஜ்ல எவன் எப்பக் கதவத் தட்டுவான்னு நான் இங்கன கெடந்து முழிச்சிக்கிட்டிருக்கணுமாக்கும். ரெண்டு மாசம்.”

அதை அவளும் நினைத்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஹேண்டில்பாரில் இருந்த மற்றக் கையையும் எடுத்துவிட்டாள். அவள் திரும்பிவிடுவாளோ என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது அப்போதுதான்.

வேல்பாண்டி போன் பக்கம் குனிந்தார். “மதினி, மதுரையில சுபேதார் வீடு இருக்கு. சேலத்துல என் ரெஜிமென்ட்டுக்காரன் ரெண்டு பேரு. பெங்களூர், கர்னூல், ஹைதராபாத், எல்லா ஊர்லயும் ஆளு இருக்கு. பெண்டாட்டி பிள்ளையோட குடும்பமா இருக்கவிய. நான் சொன்னா ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வீட்டுல படுத்து எந்திரிச்சுப் போவா.”

“இம்புட்டு நாளா இத ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே. பாலக் குடுத்து அனுப்புனீக, கொண்டு வந்தேன்.”

போனில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் நிஜமான பேரம். காலை, சாயங்காலம் இரண்டு வேளை போன் என்றார் அம்மா. ஒரு வேளை என்றாள் மகள். காலையில் ஒரு போட்டோ, சாயங்காலம் ஒரு போன் என்று முடிந்தது. படுக்கிற வீட்டுப் பெண்ணிடம் தினமும் தான் பேச வேண்டும் என்றார் அம்மா.

“அவியளுக்குத் தமிழ் வராது மதினி.”

“அத நாங்க பாத்துக்கிடுவோம். நீ ஆளச் சொல்லு.”

சுண்டைக்காய் அளவு பால்கோவாவை முனீஸ்வரி வாயில் போட்டாள். முழுங்கினாளா என்று போன் என்னிடம் கேட்டது. முழுங்கினாள் என்று சாட்சி சொன்னேன். மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தேன். எட்டே முக்காலுக்கு அவள் சைக்கிளை நகர்த்தினாள். வேல்பாண்டி பையிலிருந்து கையை எடுத்தார். அதோடு ஒரு தள்ளும் தள்ளிவிட்டார். கிருஷ்ணன்கோவில் போகும் ரோட்டு மரநிழலில் அந்தத் தகரம் இரண்டு மூன்று தரம் மின்னிவிட்டு மறைந்தது.

வேல்பாண்டி போகவில்லை. என் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து ஊர்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டார். பாதி தமிழ், பாதி இந்தி. “சப்பாத்தி ரெண்டு போதும், சோறு இருந்தா நல்லது,” என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து மணி வாக்கில் பேனாவை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“நாக்பூர் வரைக்கும் ஆள் இருக்கு. பொறவு ஜான்சி. நடுவுல ஏழெட்டு நாள் ரோடு அண்ணாச்சி, ஒருத்தனும் இல்ல.”

“நடுவுல என்ன ஊரு?”

“சாகர்னு ஒண்ணு.”

சாகரில் எனக்கு ஒருவரைத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் சிவகாசிக்குப் பட்டாசு எடுக்க வருகிறவர். திரும்பும்போது என் கடையில் மூன்று கிலோ கட்டாமல் போனதில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் அவருக்குச் சில்லறைக் கடைக்காரர்கள் உண்டு. நான் போனை எடுத்தேன். மணி அடித்ததும் எடுத்துவிட்டார். எத்தனை கிலோ அனுப்புகிறீர்கள் என்றார்.

பால்கோவா இல்லை, ஒரு பெண்ணை அனுப்புகிறேன், நாக்பூரிலிருந்து ஜான்சி வரை வழியில் ராத்திரிக்கு வீடு வேண்டும் என்றேன். சைக்கிளில் வருகிறாள், வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்றும் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் பேரை எழுதிக்கொள்கிறேன், சொல்லுங்கள் என்றார்.