ஆறாம் நம்பர் வீட்டுக் கண்ணாடி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சொன்னவன் சர்க்கார் சும்மா கொடுத்த எங்கள் ஆறாம் நம்பர் குவார்ட்டர்ஸில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் தன் குமாஸ்தாக்களுக்காகக் கட்டிய எட்டு வீடுகள், ஒரே வரிசை. எட்டிலும் சுவர் வெடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் பராமரிப்புப் பிரிவில் மேஸ்திரி. வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனையிலும் சிமெண்ட் பூசி, ஈரம் காயுமுன் ஆணியால் தேதி கீறுவார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வீட்டுக்குச் சீல். இன்ஜினீயர் வந்து பார்ப்பதெல்லாம் அந்தத் துண்டைத்தான். சுவரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார், மகராசன்.

எங்கள் படுக்கையறைக் கண்ணாடி முதல் தடவை உடைந்தபோது மகள் ஏழு மாதக் கர்ப்பம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. அவள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இந்த நெலமையில இவள எங்க கூட்டிட்டுப் போறது? வேற துண்டு ஒட்டுங்க" என்றேன்.

"தப்புடி."

"ஊருக்கெல்லாம் ஒட்டுற கை, சொந்த வீட்டுக்கு ஒட்டாதா?"

ஒட்டினார். மூன்று வருடத்துக்கு முந்தைய அதே தேதியைக் கீறி, புது சிமெண்ட் தெரியாமலிருக்கக் கரித்தூள் தடவினார். யோசனை என்னுடையது. அவர்மேல் பழி போட மாட்டேன்.

அடுத்தது ஒரு மாதத்தில் உடைந்தது. அதற்கடுத்தது பத்து நாளில். பிறகு நாலே நாளில். பட்டப்பகலில் துணி மடித்துக்கொண்டிருப்பேன், 'டிக்' என்று கேட்கும். மகள் என் முகத்தையே பார்ப்பாள்.

"பல்லி சத்தம்டி" என்பேன். அவள் நம்பியது போல் இருப்பாள்.

ஐந்து நாள் விடாமல் பெய்த பிறகு இன்ஜினீயர் வந்தார். மற்ற ஏழு வீட்டிலும் கண்ணாடி உடைந்திருந்தது. எங்கள் வீட்டில் முந்தின நாள் சாயங்காலம் ஒட்டியது முழுசாக இருந்தது. தேதியைப் படித்துவிட்டு நகத்தால் தட்டினார்.

"மூணு வருஷமா மயிரிழைகூட நகரலையே! ஏழு வீட்டையும் இப்பவே காலி பண்ணுங்க. வேற எடம் கெடைக்கிற வரைக்கும் எல்லாரும் இங்கயே இருக்கட்டும். என்ன மேஸ்திரி, தாங்கும்ல?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வீடு போகும், போலீஸ் வரும். நான் மகளின் வயிற்றைப் பார்த்தேன்.

"தாங்கும் சார்" என்றார்.

மத்தியானத்துக்குள் இருபத்தாறு பேர், சட்டிபானை, பீரோ எல்லாம் உள்ளே வந்தாயிற்று. இடம் வேண்டுமே என்று பீரோக்களை அந்தச் சுவரோரமாகவே தள்ளினார்கள். மூன்றாம் நம்பர் டைப்பிஸ்ட் பெண் கைக்குழந்தையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்க்கா. இந்த மழையில நாங்க எங்க போவோம்?"

அப்போது 'டிக்' கேட்டது. தொடர்ந்து, சுவருக்குள்ளிருந்து மண் சரிகிற சத்தம். இத்தனை பேர் பேச்சில் யாருக்கும் அது காதில் விழவில்லை.

"எந்திரிடி" என்றேன் மகளிடம்.

"டாக்டர் எறங்கக் கூடாதுன்னாரே? மழை வேற பெய்யுது."

"எந்திரின்னா எந்திரி!"

குடை பிடித்து, அணைத்து நடத்தி, தெருவைத் தாண்டி எதிர்ப்புறம் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்னாலேயே நனைந்துகொண்டு அவர் ஓடிவந்தார்.

"சொல்லிடலாம்டி. பாவம்டி."

"மொதல்ல இவள இன்னும் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க."

படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. மகள் எழுந்த கட்டிலில், சுவரை ஒட்டி, டைப்பிஸ்ட் தன் குழந்தையைக் கிடத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கை ஆட்டினாள்.

நானும் ஆட்டினேன்.