சாக்குப் போர்த்திய வாசல்

ஆடி மாதத்து மழையில் என் மனைவி வினோதா முன்வாசலில் வழுக்கி விழுந்த பிறகு, எங்கள் வீட்டின் முன்கதவை நான் மட்டும்தான் பயன்படுத்தி வந்தேன். அவளுடைய கணுக்கால் எலும்பு கூடிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்து மாதங்கள் ஆகிவிட்டன. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள், பின்னால் உள்ள மரக்கறித் துண்டு நிலத்தில் மண்வெட்டி பிடிக்கிறாள். ஆனால் வருவதும் போவதும் அடுப்படிப் பக்கத்துக் குசினிக் கதவால்தான். அந்த வழி லீக்ஸ் பாத்திகளைச் சுற்றி, சேற்றில் இறங்கி, பக்கத்து வீட்டு வேலியை ஒட்டிப் போகும். யாராவது கேட்டால், "எனக்குப் பின்பக்கம்தான் கிட்ட" என்பாள்.

கிட்ட இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். எங்களுக்குள் இப்படிப் பேசாமலே கிடக்கிற விஷயங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் அவற்றுக்குக் காரணம் நான்தான். எனக்கு வாய் சீக்கிரம் திறக்காது.

காலையில் ரொட்டி விற்கிற றிஷாத்தின் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். முன்பெல்லாம் அவள் வாசலில் இறங்கி ரோட்டுக்கே போய் வாங்குவாள். இப்போது அவன் இறங்கி வந்து ஜன்னல் கம்பிக்குள்ளால் நீட்ட வேண்டும்.

"அக்கா, ஜெயில்ல இருக்கிற ஆளுக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு."

"ஜெயில்ல சும்மா குடுப்பாங்க தம்பி. நீ காசு வாங்குறியே."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு வந்தபோது போட்ட சிமெண்ட் வாசல் அது. படியிலிருந்து ரோட்டோரம் வரைக்கும் ஒரே தளம். போட்டவர் வினோதாவின் அண்ணன் கணேசமூர்த்தி. நானுஓயாப் பக்கம் பேரெடுத்த மேசன். தங்கச்சி வீடென்று கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார். எங்கள் ஊர் மூட்டமும் குளிரும் அதை விட்டுவைக்கவில்லை. வெயில் படாத பக்கம் பாசி பிடித்தது. மற்றப் பக்கம், அவித்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி மேல்பூச்சு உரிந்தது. உரிந்த குழிகளில் தண்ணீர் நின்றது, அந்தத் தண்ணீரிலும் பாசி வந்தது.

மார்கழியில் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே வினோதா சொன்னாள்: "இந்த வருசம் பொங்கலப் பின்னுக்கு வச்சிருவோமுங்க. சூரியன் அங்கயுந்தானே வருது."

 அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தியின் வீட்டுக்குப் போனேன்.

"மச்சான், பொங்கலுக்கு முந்தி வாசலச் சரிபண்ணித் தாங்க."

"இப்பவா? பனி கொட்டுது மாப்புள. பச்சைச் சிமெண்டுல பனி புடிச்சா அம்புட்டும் பொரிஞ்சு போகும். தை கழியட்டும், செஞ்சு தாரேன்."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இப்பிடி வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"வினோதா பொங்கல்பானையப் பின்னுக்கு வைக்கிறேங்கிறா" என்றேன்.

 தங்கச்சி எந்தக் கதவால் வருகிறாள் போகிறாள் என்று அவரும் கவனித்திருக்க வேண்டும். "சரி" என்றார். "வெயில் அடிக்கிற நாளாப் பாத்து வாரேன்."

வந்தார். கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டினார், பிளீச்சிங் தூள் போட்டுக் கழுவினார். சுத்தியல் பிடியால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பொள்ளென்று கேட்ட இடத்தையெல்லாம் உளியால் கொத்தி எடுத்தார். வினோதா ஜன்னலில் நின்றுகொண்டு அவரைச் சும்மா விடவில்லை.

"அண்ணே, நீ போட்ட கண்ணாடிதானே என்னயத் தள்ளிவிட்டுச்சு? இந்தத் தடவ யாரத் தள்ளிவிடப் போற?"

"ஒம் புருசனத்தான். அப்பவாச்சும் அம்மான்னு கத்துறாரான்னு பாப்போம்."

மறுநாள் வெயில் ஏறியதும் பழைய தரையில் சிமெண்ட் பாலை அடித்து, அதன் மேல் விரல் தடிப்புக்குச் சாந்து பரப்பினார். இந்த முறை தேய்க்கவில்லை. ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக் குறுக்கே இழுத்துக்கொண்டே போனார். சீப்பால் வாரிய தலை மாதிரி தரை முழுவதும் கோடுகள். பிறகு சாந்து கொஞ்சம் இறுகும் மட்டும் காத்திருந்து, உரச் சாக்குகளைப் போர்த்தி, மேலே பொலித்தீன் விரித்து, ஓரத்தில் கல் வைத்தார்.

"இன்னைக்கு ராவைக்குப் பனியும் படக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணியும் படக் கூடாது. தண்ணி எப்ப விடணுமுன்னு நான் வந்து சொல்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வினோதா அப்போது பின்னால் பாத்தியில் இருந்தாள். அவர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. நான் அப்படித்தான்.

அன்றிரவு காற்று கூரைத் தகரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தது. விடியப் போகிற நேரம் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. முன்கதவின் தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்டது. அது கொஞ்சம் இறுகிய தாழ்ப்பாள். அவள் திறந்து அதன் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம்!

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மூட்டம் இல்லாமல் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. அப்படி இருந்தால்தான் பனி கடுமையாக விழும். எதிர் லயத்துத் தகரங்கள் வெளுத்திருந்தன. ரோட்டுப் பக்கத்துப் பாதி வாசலில் பொலித்தீனும் சாக்கும் இல்லை. காற்று அவற்றை இழுத்து வேலியில் போட்டிருந்தது. வெறுமனே கிடந்த சிமெண்டின் மேல் உப்புத் தூவியது போல் உறைபனி.

என்னுடைய பழைய சுவெட்டரைப் போட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வினோதா படியில் நின்றாள். கையில் பூவாளி. மூடியிருந்த சாக்குகளின் மேல் கால் வைத்து நடந்தாள். நடு வாசலில், விழுந்த அதே இடத்தில் நின்று, பனி பிடித்த பக்கத்துக்குப் பூவாளியை வீசி வீசித் தண்ணீர் தெளித்தாள்.

அவள் கந்தப்பளையில் மரக்கறித் தோட்டத்துக்காரர் வீட்டில் பிறந்தவள். பனி விழுந்தால் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த வேலை அது. உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் செய்ததைத்தான் என் வாசலுக்கும் செய்துகொண்டிருந்தாள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பினால் எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்ப்பாள். வாயை மூடிக்கொண்டேன். சிமெண்ட் தண்ணீரைக் குடித்தது. அவள் படியோரத்துத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தாள். அதே சாக்குகளின் மேல், அதே வேகத்தில். கடைசியில் வேலியில் கிடந்த சாக்குகளை இழுத்து வந்து மூடி, பெரிய கல்லாகப் பார்த்து வைத்தாள். என் வாழ்நாளில் எத்தனையோ தடவை பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்று நான் வேண்டுமென்றேதான் பேசாமல் நின்றேன்.

அவள் உள்ளே வருவதற்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். கம்பளிக்குள் நுழைந்து, ஐஸ் போலக் குளிர்ந்திருந்த இரண்டு கால்களையும் என் காலில் ஒட்டிவைத்தாள். நான் தூங்குகிறவன் போல அவற்றை என் காலுக்குள் அணைத்துக்கொண்டேன்.

காலையில் கணேசமூர்த்தி வந்து சாக்கைத் தூக்கினார். கட்டைவிரலால் அழுத்தினார். மீன் செதில் மாதிரி பூச்சு எழும்பி வந்தது.

"யாரு இதுல தண்ணி ஊத்தினது?"

"நாந்தான்" என்றாள் வினோதா ஜன்னலில் இருந்து. "பனி புடிச்சிருந்துச்சு, கழுவிவிட்டேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "அடிப் பாவி! இது என்ன லீக்ஸா? பனி மட்டுமுன்னா மேலால தேய்ச்சு எடுத்திருப்பேன், தண்ணி அடி வரைக்கும் எறங்கிருச்சே."

"பனின்னா எல்லாம் ஒண்ணுதானேண்ணே."

"ஒண்ணுதான், ஒண்ணுதான். அப்பிடியே கொஞ்சம் ஒரமும் போட்டிருந்தா மாடி வீடா வளந்திருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க மாப்புள போயிருந்தீங்க?"

"தூங்கிட்டேன்" என்றேன்.

அவர் செதில்களைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "ஏம்புள்ள, இவ்வளவு தூரத்துக்கு எங்க நின்னு ஊத்தின?"

வினோதா பதில் சொல்ல வாயெடுத்தாள். வாசலைப் பார்த்தாள். முகம் மாறியது. குசினிக்குப் போய்விட்டாள். அன்று பின்னேரமும் அதற்கடுத்த நாட்களும் மறுபடி பின்கதவுதான். அவர் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். சிமெண்ட் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதுதான் நெஞ்சில் கிடந்தது.

பொங்கலுக்கு முன் புதிதாகப் பூச நேரமில்லை. படிப் பக்கத்துப் பாதி நன்றாக இறுகியிருந்தது. மற்றப் பாதியில் பொரிந்ததையெல்லாம் கணேசமூர்த்தி சுரண்டி எடுத்தார். அடியில் நின்றது அம்மி கொத்தியது போலக் கரடுமுரடாக இருந்தது. "மாசியில வந்து கொத்திப் போட்டுத் தாரேன். புதுச் சிமெண்டுல மட்டும் நெருப்பு வைச்சிராதீங்க, வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலன்று தளம் முடிகிற இடத்தில், ரோட்டோர மண்ணில், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். பின்பக்கத்தில் வைக்கவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. லயத்துப் பக்கம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அவள் பானையோடு பின்கதவால் சுற்றி வந்தாலும் வரலாம். கதவைப் பார்க்காமல் நெருப்பையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

படியில் நின்றாள். கழுத்தில் மஞ்சள் செடி கட்டிய புதுப்பானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சுவரைப் பிடிக்கக் கை இல்லை. வெகுநேரம் நின்றாள். மூட்டம் எங்கள் நடுவால் போனது.

"என்னங்க."

"ம்."

"அன்னைக்கு ஜன்னல்ல நின்னு பாத்தீங்கதானே?"

நான் நிமிர்ந்தேன்.

"நான் உள்ள வந்தப்ப ஜன்னல் கண்ணாடியில மூச்சுப் படிஞ்சிருந்துச்சு. உங்க ஒசரத்துக்கு." பானையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்ணனோட வேல வீணாப் போயிருக்காதுல்ல?"

"போயிருக்காது."

"அப்ப ஏன் சொல்லல?"

வழக்கம்போல் சொல் வர நேரமெடுத்தது. அவள் காத்திருந்தாள். அவள் காத்திருப்பாள் என்பது எனக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்தது.

"நீ வெளிய நின்னே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து வாசலைப் பார்த்தாள். "பேச்சப் பாரு" என்றாள் மெதுவாக. "மரம் மாதிரி குந்தியிருக்காம எந்திரிச்சு வாங்க. கையில பானைய வச்சுக்கிட்டு நான் எதப் புடிக்கிறது?"

போய் அவள் முழங்கையைப் பிடித்தேன். விளக்குமாற்றுக் கோடுகளின் மேல் ஒவ்வொரு காலாக வைத்தாள். நடுவில் கோடுகள் முடிந்து, சுரண்டிய பக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, வெறுங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தாள்.

"கூடப் பொறந்தவன் போட்டதவிட நான் கெடுத்ததுதான் காலுக்குப் புடிக்குது" என்றாள். என் கையிலிருந்து முழங்கையை உருவிக்கொண்டாள். மிச்சத்தைத் தனியாக நடந்தாள்.

பானையை அடுப்பில் ஏற்றி, பால் ஊற்றிவிட்டுத் திரும்பினாள்.

"மாசியில அண்ணே இதக் கொத்த வந்தா வேணாமுன்னு சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும், வாயத் தொறந்து."