பாறையின் வெக்கை

சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால், மரவள்ளிக் கொல்லையில் கிடந்த பாறைமேல் யாரோ வெள்ளைப் பெயின்ட்டால் வட்டம் போட்டிருந்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்காமலே தெய்வம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டா இல்லாத நிலம். சிலோனிலிருந்து வந்த பிறகு அவளும் புருஷன் பொன்னுத்துரையும் புதர் வெட்டிப் பண்படுத்தியது. சிலோனிலும் ஒருநாள் இப்படித்தான் அடையாளம் போட்டு, சங்கிலி பிடித்து அளந்தார்கள். அடுத்த மழைக்குள் லயமே காலியானது.

வட்டம் போட்டவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் பாலசுப்பிரமணியம் என்றான் பொன்னுத்துரை. அவருடைய கருவிப்பெட்டியைச் சுமப்பதே அவன்தான். அது அவளுக்கு இன்னும் கசந்தது.

"காணி அளக்க வந்தவர் இல்ல புள்ள. கல்லு, மண்ணு விடுற சூட்டத்தான் பார்க்குறாரு."

"கல்லுச் சூட்ட பார்க்க கவர்மெண்டு ஆள் அனுப்புமா? யாரு சொன்னா ஒனக்கு?"

"அவருதான்."

அன்று சாயங்காலம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வட்டத்தைச் சுரண்டி எடுத்தாள். மறுநாள் காலை பாலசுப்பிரமணியம் வந்து கீறல்களைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பக்கத்துப் பாறையில் புதிதாக வட்டம் போட்டார். உண்மையிலேயே சூடு பார்க்க வந்த ஆளென்றால் வேலை கெட்டதற்குக் கோபப்பட்டிருப்பாரே என்று அவளுக்குத் தோன்றியது.

வெயில் ஏறியதும் அவர் சூடு அளக்கும் கருவியைக் கையில் எடுத்தபோது, அவள் போய் வட்டத்தின் மேல் வெறுங்காலோடு நின்றாள்.

"ஏனுங்க, கொஞ்சம் நகந்துக்குங்க. நெழலு விழுந்தா பாறை ஆறிப்போயிருமுங்க."

"இந்தக் கல்லு எதுக்கு தொரை?"

"ஒரே வெயில்ல காஞ்சாலும் பாறை விடற வெக்க வேற, மண்ணு விடற வெக்க வேறைங்க. ப்ளேன்ல இருந்து படம் புடிக்கறப்ப எது என்னன்னு தெரியோணும். அதுக்குத்தானுங்க கீழ அளந்து வெச்சுக்கறது."

"மேலருந்து என் கெழங்குக் கொல்லையும் தெரியுமா?"

அவர் கருவியைத் தாழ்த்தினார். "தெரியுங்க."

"அந்தப் படம் யாரு கைக்குப் போகும்?"

தூரத்தில் கொழுந்து நிறுக்க ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

பொன்னுத்துரை பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான். அவரைப் பார்த்தான், பிறகு கொல்லையைப் பார்த்தான். தெய்வம்மா நகரவில்லை. பாறை அவள் உள்ளங்காலைச் சுட்டது. உச்சியை நெருங்கும் வெயிலில் அவள் நிழல் மெல்லச் சுருங்கி, வட்டத்தைவிடச் சிறியதாகிக்கொண்டிருந்தது.