பதினேழாம் நம்பர்

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மறியலுக்காக ரோட்டில் வெட்டிச் சாய்த்திருந்த பதினோரு புளியமரங்களைத் தாண்டித் தியாகதுருகம் வரைக்கும் போய்விட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார் கந்தசாமி. வேட்டியெல்லாம் இலைக்கறை. சைக்கிளைப் பந்தல்காலில் சாத்தினார்.

"ஒரு முழம் பூ இல்லக்கா. எவனும் கட தெறக்கல. கள்ளக்குறிச்சிலேர்ந்து ஒரு வண்டி வரல."

"எப்பிடிடா வரும்? அதுல நாலு மரத்த நீதான சாச்ச?" என்றாள் தைலம்மாள். செத்துக் கிடந்த ஆதிமூலத்துக்கும் கந்தசாமிக்கும் அவள்தான் அக்கா. தாலியறுத்து இருபது வருஷம். "அண்ணன் சாவப்போறான்னு தெரிஞ்சிருந்தா மரத்துக்கு மரம் ஒரு சந்தாவது வுட்டு வச்சிருப்ப."

"சும்மா பேசாதக்கா. நாங்க ரோட்டுல நிக்கிறது யாருக்கு? நம்ம சாதிக்கு இருபது பர்சன்ட் ஒதுக்கீடு வந்துட்டா மொத வேல ஆர்டர் நம்ம செல்விக்குத்தான்."

செல்வி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். செந்தமிழ்ச்செல்வி, பி.எஸ்சி. அந்த வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறாள்.

"செத்தவருக்கு எத்தன பர்சன்ட், சித்தப்பா?" என்றாள்.

கந்தசாமி துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முந்தின நாள் மத்தியானம் ஆதிமூலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது மரத்தின் கிளையில் கட்டில் கால் மாட்டிக்கொண்டது. திரும்பிவிட்டார்கள். பச்சையம்மாள் புருஷனின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். தேய்ப்பவளைப் பார்க்கவில்லை.

"செல்வி, பதினேழாம் நம்பரு மொட்டு வச்சிக்கிது. ரெண்டு நாள்ல விரியும். எவளையும் தொட வுடாத."

அதுதான் கடைசிப் பேச்சு. பச்சையம்மாளின் கை கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடியும் தேய்த்தது.

கல்வராயன் மலைமேல் ஒரு பழைய பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர் ஆதிமூலம். அங்கே பிடித்தது அந்தக் கிறுக்கு. மழை பெய்த மூன்றாம் நாள் மண்ணைப் பொத்துக்கொண்டு வெள்ளையாக ஒற்றைப் பூ எழும்பும். மழைப்பூ. அடியில் சின்ன வெங்காயம் மாதிரி கிழங்கு. ஊரெல்லாம் பெரிய பூவுக்கு அலையும். இவருக்குச் சிறுத்ததுதான் வேண்டும். விரல் உயரம், அதிலும் குட்டை, அதிலும் குட்டை. மலைச்சரிவு, எலவனாசூர்கோட்டை நந்தவனம், யார் யார் வீட்டுக் கொல்லையோ, எங்கே கண்டாலும் தோண்டிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டுக்குப் பின்னால் இருபத்துமூன்று டால்டா டின்கள். ஒன்றில் இதழ் நுனியில் பச்சைப் பொட்டு, ஒன்றில் முதுகில் ரோஸ் கோடு. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே வெள்ளைப் பூ.

தகரத் துண்டுகளில் நம்பர் எழுதிச் செருகியது செல்வி. நோட்டில் எழுதியதும் அவள்தான். தண்ணீர் பச்சையம்மாளுடையது. பதின்மூன்று வருஷமாகக் கிணற்றிலிருந்து சுமந்து வந்து டின்னுக்கு அரைச் செம்பு ஊற்றினாள். கூடினாலும் வசவு, குறைந்தாலும் வசவு.

தன் தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்றைக்கு ஒரே ஒரு பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள் பச்சையம்மாள். பஸ் நிற்கும் இடத்தில், அத்தனை பேர் பார்க்க, ஆதிமூலம் அதைப் பிடுங்கினார். கொத்து மயிரும் சேர்ந்து வந்தது. கல்யாணத்தில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா நோட்டை எடுக்கச் சொன்னார். 'ஐந்தாம் நம்பர், ஒரு பூ சேதம்.' பத்து வயசுச் செல்வி முத்து முத்தாக எழுதினாள்.

"பொணத்துக்குக்கூட பரவால்ல, துண்டப் போட்டு அனுப்பிடலாம்" என்றாள் தைலம்மாள். "பச்சைக்குப் பூ முடிக்கணுமே. அதுக்கு இன்னா பண்றது?"

அவர்கள் வகையறாவில் பிணம் எடுப்பதற்கு முன் பெண்டாட்டியைக் குளிப்பாட்டிக் கோடி உடுத்தி, பூவும் பொட்டும் வளையலுமாகப் புருஷன் முன்னால் உட்கார வைப்பார்கள். பிணம் தெருமுனை திரும்பியதும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

"வைக்கறது எதுக்கு, புடுங்கறது எதுக்கு? இது ஒரு சடங்கா அத்த?"

"நீ படிச்சவ. நீ தாலியறுக்கறப்ப வாணாம்னு சொல்லு. வூட்டுக்குப் பின்னால அவ்ளோ பூத்துக்கெடக்குதே, போய்ப் பறிங்கடி."

அதுவரை வாயே திறக்காத பச்சையம்மாள் தலையைத் தூக்கினாள்.

"அண்ணி, மத்ததெல்லாம் அவருக்குக் கட்டுங்க. எனக்கு அந்தப் பதினேழ வைங்க."

"அது மொட்டும்மா" என்றாள் செல்வி.

"மொட்டா இருந்தா இன்னா? நானும் எத்தினி நாளு வச்சிக்கப்போறேன். போயி எடுத்தா. நம்பரு படிக்கத் தெரிஞ்சவ நீதான்."

பின்பக்கம் யாரும் இல்லை. பதினேழில் நிற்பது சுண்டுவிரல் நகம் அளவு மொட்டு. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பாறை இடுக்கிலிருந்து அப்பா எடுத்துவந்து ஆறு வருஷம் காத்திருந்தது. செல்வி அதன் காம்பைத் தொட்டாள். எவளையும் தொட விடாதே. அந்த 'எவள்' யாரென்று அவளுக்குத் தெரியும். தன்னை அதில் அப்பா சேர்க்கவில்லை என்பதும் தெரியும். அது அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் டின்னில் ஒரு மொட்டைக் கிள்ளினாள். பதினேழைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தள்ளிக் கோழிக் கூடையைக் கவிழ்த்தாள். வரிசையில் சந்து தெரியாமல் பதினெட்டை நகர்த்தி வைத்தாள்.

பச்சையம்மாள் மொட்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதானா?"

"இதாம்மா."

"சரி. படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தைலம்மாள் அதைத் தலையில் செருகினாள். பச்சையம்மாள் கண்ணாடி கேட்டாள். "பொணத்த வச்சிக்கினு சிங்காரம் கேக்குது பாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். பச்சையம்மாள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். எதிரே ஆதிமூலம் கழுத்தில் இருபது வெள்ளைப் பூ. அவ்வளவுதான் தேறியது.

பறை நகர்ந்தது. தெருமுனையில் பாடை திரும்பியதும் தைலம்மாள் கையை நீட்டினாள். அதற்குள் பச்சையம்மாளே மொட்டை உருவிச் செல்வியின் கையில் வைத்தாள்.

"இந்தா உங்கப்பன் பூ. நோட்டுல எழுதிக்கோ."

வளையல்களைத் தைலம்மாள் கல்லில் வைத்து உடைத்தாள்.

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்த பிறகுதான் அடுப்பு பற்றவைத்தார்கள். சாலையில் இன்னும் மரம் கிடந்தது. கந்தசாமி காவலுக்குப் போய்விட்டார். செல்வி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அப்பாவின் சட்டைகளை நனைத்துக்கொண்டிருந்தாள். கூடையை இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. எல்லோரும் கிளம்பட்டும் என்றிருந்தாள்.

பச்சையம்மாள் சோறு வடித்த சுடுகஞ்சிப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. டின்களின் வரிசையை அவள் பார்க்கவில்லை, எண்ணவில்லை. நேராக வந்து, கூடையைக் காலால் தள்ளினாள்.

பூ விரிந்திருந்தது. ஆறு இதழிலும் ஆறு பச்சைப் பொட்டு.

 

"நவுருடி" என்றாள் பச்சையம்மாள், பானையை டின்னுக்கு மேலே சரித்தபடி. "மேல பட்டுடப்போவுது."

செல்வி காலை இழுத்துக்கொண்டாள்.