பன்னிரண்டாம் நாள் வரி

அலுவலகங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பதினாறு கணினிகளைக் கம்பி போட்டுக் கோத்து, ஆய்வுக்கூடத்தின் கடைசி அறையில் குடிவைத்திருந்தாள் அந்த வேதியியல்காரி. ஒரு மருந்து மூலக்கூறு எப்படி மடங்கிப் படுத்தால் அதற்கு நிம்மதி என்று பதினாறும் சேர்ந்து பத்தொன்பது நாளாகக் கணக்குப் போட்டன. அத்தனை நாளும் அவளுக்குப் பேச்சுத் துணை அவற்றின் விசிறிகள்தான்.

இதே கணக்கைத் தொலைவிலிருந்த மையத்துச் சூப்பர் கம்ப்யூட்டர் நாற்பதே நிமிடத்தில் முடித்துவிட்டது. யானை பலம், முடிக்காமல் என்ன? ஆனால் அதற்கு மாதக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும். கிடைப்பதோ ஒரு மணி நேரம்.

துறைத்தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார்: இரண்டு விடையும் ஒத்துப்போனால் அறை அவளுக்கு, இல்லாவிட்டால் உடைந்த நாற்காலிகளுக்கு.

பத்தொன்பதாம் நாள் மதியம் பதினாறின் விடை வந்தது. மூன்றாவது தசம இலக்கத்திலேயே மையத்து விடையோடு உதைத்தது.

தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உன் பிள்ளைங்க பாஸா ஃபெயிலா?"

"கொஞ்சம் இடிக்குது சார்."

"பழைய இரும்புக் கடை சரக்கு இடிக்காம என்ன செய்யும்? நாளைக்குக் காலி பண்ணிடு."

அவர் போனதும் அக்காவின் போன். "சாப்பிட வரியா இல்லையாடி? மூணு வாரமா வரேன் வரேன்னு சொல்ற."

"கணக்கு இடிக்குதுக்கா."

"அப்போ கணக்கையே கட்டிக்கிட்டு அழு."

அழவில்லை. பெரியதற்கும் பதினாறுக்கும் எழுதிக் கொடுத்த கட்டளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்குள் முடியவேண்டுமே என்ற பதற்றத்தில், 'இவ்வளவு துல்லியம் போதும், நின்றுவிடு' என்று பெரியதற்குத் தளர்த்தி எழுதியவள் அவளேதான். சின்னதுகளை யார் விரட்டினார்கள்? அவை ஆற அமரக் கடைசிவரை போயிருந்தன.

பதினாறும் படிக்குப் படி எழுதிவைத்த பதிவில் விரலை ஓட்டிக்கொண்டே மேலே போனாள். பன்னிரண்டாம் நாள் வரியில் விரல் நின்றது. சூப்பர் கம்ப்யூட்டரின் விடை, ஓர் இலக்கம் பிசகாமல், அங்கே இருந்தது. பெரியது நின்ற இடத்தைத் தாண்டி இவை இன்னும் ஏழு நாள் நடந்திருந்தன.

தலைவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "அப்போ அவசரப்பட்டது நீதான்."

"ஆமா சார். தப்பு என்னோடதுதான்."

"சரி, நாற்காலியை மாடிப்படிக்கு அடியில போட்டுக்கறேன், போ."

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை முடிந்ததிலிருந்தே விசிறிகள் அடங்கிக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள். அறை இனி அவளுடையது. அதில் ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த மூலக்கூறை எடுத்துப் பதினாறுக்கும் கொடுத்தாள். அந்தக் கணக்கை யார் கேட்டது, எதற்கு என்றெல்லாம் பார்க்கவில்லை. முதல் விசிறி சுற்றத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்தாள்.