பூட்டுக்காரர் கதவைத் தட்டிய கதை

அந்தத் தெருவில் அவரைச் சாவி என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய அப்பாவே கொஞ்சம் யோசிப்பார். பூட்டு ரிப்பேர் தொழில். அவர் விரலுக்குத் திறக்காத பூட்டு இல்லை. ஒருமுறை அவர் தும்மியதும் எதிர்க்கடை ஷட்டர் தானாக மேலே போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். அது பொய். அவர் தும்மியது இரண்டு முறை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. மூடியிருக்கும் எதைப் பார்த்தாலும் உள்ளங்கை அரிக்கும். திருட்டுப் புத்தி கிடையாது. திறப்பார், எட்டிப் பார்ப்பார், எண்ணெய் விட்டு முன்னைவிட நன்றாகப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் அங்கிருந்த பீரோவைத் திறந்து, உள்ளே இருந்த கீலையும் சரிசெய்து கொடுத்தவர். நன்றி சொல்வதா, போலீசைக் கூப்பிடுவதா என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவருடைய மனைவிக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேன் ஓட்டுகிறவள். கப்பலிலிருந்து ஒரு வீடு அளவு பெட்டியைத் தூக்கி, லாரியில் பூப்போல வைப்பாள். அந்த இருக்கைக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து வந்தவள். இப்போது மாமனார், சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று அதைக் கண்டிக்க ஏணியில் ஏறி, இடுப்பை முறித்துக்கொண்டார். அவள் லீவு போட்டுவிட்டு அவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். 'கண்டெய்னரையே தூக்கறவ, ஒரு கிழவரைத் தூக்க மாட்டாளா' என்று நாத்தனார் போனில் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டாள். கண்டெய்னர் காபி சூடாயில்லை என்று சொல்லாது என்பது நாத்தனாருக்குத் தெரியாததல்ல.

லீவு மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் திரும்பாவிட்டால் இருக்கை வேறு ஆளுக்குப் போய்விடும். பெரியவரைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு வரவழைப்பது என்று முடிவாயிற்று. ஆனால் ஊர்ச் சட்டப்படி, முதல்முறையாக ஆள் வைப்பவர்கள் ஒரு வகுப்புக்குப் போய், கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் கிரேன் இல்லை.

வகுப்பு ஒரு சலவைக்கடையின் மாடியில் நடந்தது. நடத்திய அம்மாள் அதற்கு முன்பு டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் எடுத்தவர். இடது பக்கம் பார்க்காமல் திருப்பினார் என்பதற்காகச் சொந்த மருமகனையே ஃபெயிலாக்கியவர். அந்த மாப்பிள்ளை இன்னும் நடந்துதான் போகிறார்.

வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு, சாப்பாடு, போன், வேலை நேரம் என்று அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பத்திரமாகத் தன் பீரோவில் வைத்துக்கொள்வேன் என்றார் ஒருவர். உங்கள் பாஸ்போர்ட் உங்கள் முதலாளி பீரோவிலா இருக்கிறது என்று அம்மாள் விசாரித்தார். அவர் அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. சாவி அந்த வாயைச் சற்று ஆர்வத்தோடு பார்த்தார்.

அவர் முறை வந்தது. எழுந்து நின்று, "எங்க மக மாதிரி வச்சுக்குவோம்மா" என்றார்.

"மகளுக்குத் தனி ரூம் இருக்கா?"

"இருக்கும்மா. பூட்டு நானே போட்டது."

"சாவி யார்கிட்ட?"

"அவகிட்டதான்."

"நீங்க உள்ள போகணும்னா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. "ஹேர்பின் போதும்மா" என்றார்.

அறையே சிரித்தது. அம்மாள் மட்டும் கார் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தட்ட மாட்டீங்களா?"

சாவி உண்மையாகவே யோசித்தார். தட்டுவதற்கு ஆகிற நேரத்தில் திறந்துவிடலாமே. இதுவரை அந்தத் தேவை வந்ததில்லை.

"அப்போ மக மாதிரி வேண்டாம்" என்றார் அம்மாள். "வர்ற பொண்ணு ரூமுக்கு, உங்களால திறக்க முடியாத பூட்டா ஒண்ணு போடுங்க. அடுத்த வகுப்புக்குக் கொண்டாந்து காட்டுங்க. கையெழுத்துப் போடறேன்."

கூடவே வந்திருந்த மனைவி பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்தாள். பஸ்ஸைப் பார்த்த பிறகுதான், "ஊர்ல எல்லாரும் தெரியாம ஃபெயில் ஆவாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரிஞ்சு ஃபெயில் ஆனீங்க" என்றாள்.

அவருக்கு வருத்தத்தைவிட ஆவல்தான் அதிகமாயிருந்தது. தன்னால் திறக்க முடியாத பூட்டு எப்படியிருக்கும்? அதன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்து, பழைய பூட்டுகள் அடைந்துகிடந்த அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, பெயின்ட் ஒட்டிக் கிடந்த ஜன்னலை நெம்பித் திறந்து காற்று வரச் செய்தார்கள். பிறகு அவர், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பட்டறையில் உட்கார்ந்தார்.

முதல் பூட்டை டீ எடுக்கக் கை நீட்டும்போதே திறந்துவிட்டார். அடுத்ததில் மூன்று துளை வைத்து, இரண்டைப் பொய்த் துளையாக்கினார். எது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சரி, எப்படிச் செய்தோம் என்றே தெரியக்கூடாது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்று செய்தார். கட்டை அவிழ்ப்பதற்குள் கை அதைத் திறந்துவைத்திருந்தது. கடைசியாக ஒன்று, சாவிக்கும் திறக்கவில்லை, கம்பிக்கும் திறக்கவில்லை. சந்தோஷத்தில் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். திறந்துகொண்டது.

"உன்னை நீயே ஏமாத்த முடியுமாடா?" என்றார் கட்டிலிலிருந்து அப்பா. "அதுக்கு உங்க அக்கா வேணும்."

மனைவி மாமனாரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, தன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கட்டிலைச் சுற்றிலும் திறந்த பூட்டுகளாகக் கிடந்தன.

"மேல கேபின்ல நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்" என்றாள். "கதவுக்கு ஒரு கொக்கி கூடக் கிடையாது. சூப்பர்வைசருக்கு ஏதாவது வேணும்னா, கீழ இருந்து ரேடியோல 'வரலாமா'ன்னு கேப்பாரு. அப்புறந்தான் ஏணில கால வைப்பாரு."

"வேண்டாம்னு சொன்னா?"

"கீழயே நிப்பாரு."

"நின்னுக்கிட்டு?"

"நின்னுக்கிட்டு என்ன? வேற வேலையப் பாப்பாரு. அங்க யாரும் என்னை மக மாதிரின்னு சொல்றதில்ல. அதான் நிம்மதியா இருக்கேன்."

சாவி கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். பூட்டே இல்லாத கதவுக்கு வெளியே ஒரு மனிதர் நிற்பாரா? இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு சாதனத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. உடனே அதைச் சோதித்துப் பார்க்க விரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காலேஜில் படிக்கும் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சந்தேகத்தோடு தன் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தார். என்ன அது? அலமாரியா? பெட்டியா? உள்ளங்கை அரித்தது. கைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முடியாமல் போனபோது எழுந்து போய்க் கதவில் காதை வைத்து, ஒரே ஒரு விரலால், இங்கே ஒன்று அங்கே ஒன்றாகத் தட்டினார்.

"அப்பா" என்றது உள்ளேயிருந்து குரல். "இது தட்டறதில்ல. டாக்டர் நெஞ்சைப் பாக்கறது."

பிறகு உள்ளேயிருந்தே பாடம் நடந்தது. காதை எடுக்க வேண்டும். தட்டிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வாங்க என்றால் வரலாம். இல்லையென்றால் போய்விட வேண்டும். அவர் தட்டினார், நின்றார். வாங்க வரவில்லை. போனார். சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்தார். திரும்பி வந்து தட்டினார். மறுபடியும் போனார். அன்றைக்கு அந்த வீட்டில் பல வருஷமாகத் தங்கிப்போன வேலையெல்லாம் முடிந்தது. கடிகாரம்கூடச் சரியான நேரம் காட்டியது.

சாயங்காலம் மகளே கதவைத் திறந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். அலமாரி இடம் மாறவில்லை. பெட்டியும் இல்லை. ஒரு மர நாற்காலிதான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதத்தான் இழுத்தியா?"

"ஆமா. கைப்பிடிக்கு அடியில முட்டுக் கொடுத்தேன். ஹேர்பினுக்கு அசையாது."

சாவி நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். துளை இல்லை. நாக்கு இல்லை. ஸ்பிரிங் இல்லை. எங்கே விரலை வைப்பது? ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் கதவு அடிக்கடி இறுகிக்கொள்ளும். மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று அவரே இரண்டு தடவை அடியை இழைத்திருக்கிறார்.

"மழை இல்லாதப்பவும் ஊதிச்சேப்பா" என்றாள் மகள். "நீங்க கவனிக்கல."

அவர் குனிந்தார். கதவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்புக்கு அந்த நாற்காலியோடு போனார். பஸ்ஸில் கூட்டம். ஆளுக்கு ஒரு டிக்கெட், நாற்காலிக்கு ஒரு டிக்கெட். நாற்காலிக்கு டிக்கெட் வாங்கியதால் கண்டக்டர் அதற்கு ஒரு சீட்டும் பிடித்துக் கொடுத்தார். மனைவி நின்றுகொண்டே வந்தாள்.

"பூட்டு எங்க?" என்றார் அம்மாள்.

சாவி நாற்காலியை முன்னால் வைத்தார். "என்னால திறக்க முடியாதது இது ஒண்ணுதாம்மா. என் மக கண்டுபிடிச்சது."

"எத்தனை வருஷமா?"

"அவகிட்ட கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "கேக்கப் பயமா இருக்கு" என்றார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மனைவி அம்மாளின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேனாவின் நுனியில்தான் அவளுடைய இருக்கை தொங்கிக்கொண்டிருந்தது.

"லைசென்ஸ் குடுக்கறது வண்டி ஓட்டத் தெரிஞ்சிடுச்சுன்னு இல்ல" என்றார் அம்மாள். "ரோட்டுல மத்தவங்களும் இருக்காங்கன்னு தெரிஞ்சிடுச்சுன்னு." கையெழுத்துப் போட்டார். "வர்ற பொண்ணுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க. அது உக்கார மட்டும் பயன்படுதான்னு பாத்துக்குங்க."

அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். சாதாரணக் கடைப் பூட்டுதான் கதவில் இருந்தது. அதன் இரண்டு சாவியையும் அவள் கையில் கொடுத்தார். ஒரு பூட்டுக்குத் தன்னிடம் சாவி இல்லை என்பது அவருக்குச் செருப்பில்லாமல் நடப்பதுபோல் இருந்தது. மனைவி கிரேனுக்குத் திரும்பினாள். பெரியவர் புதியவளிடம் முதல் நாளே கடிகாரத்தைப் பற்றிப் புகார் சொன்னார். மொழி புரியாததால் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தன் வாழ்நாளில் தன்னை முழுதாகப் புரிந்துகொண்டவள் இவள்தான் என்றார் பெரியவர்.

வேலை முடிந்து அவள் அறைக்குள் போனதும் பூட்டு விழும். பிறகு நாற்காலி இழுபடும். தினமும் அந்தச் சத்தம். சாவி பட்டறையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொள்வார். அவளுடைய ஓய்வு நாட்களில் அப்பாவைத் தானே தூக்கினார். "கண்டெய்னர் மாதிரி தூக்காதடா, கிரேன்காரியக் கூப்பிடு" என்று பெரியவர் அலறினார்.

இப்படியே போய்க்கொண்டிருக்க, ஒரு ஓய்வு நாளில் அவளுக்கு வந்த பார்சல் ஒன்றைக் கொடுக்கப் போனார். நன்றாக ஒட்டி மூடிய பார்சல். உள்ளங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் தட்டினார். தள்ளி நின்றார். காதைத் தீட்டினார், ஆனால் நின்ற இடத்திலேயே.

"அப்புறம்" என்றது உள்ளேயிருந்து குரல். புதிதாகக் கற்றுக்கொண்ட தமிழ்.

அவ்வளவுதான். நாற்காலி இழுபடவில்லை. அன்று அவள் உள்ளே போனபோதும் இல்லை, அவர் தட்டிய பிறகும் இல்லை.

சாவி பார்சலைக் கதவோரம் வைத்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார். அவள் அப்போது ஊருக்கு மேலே, அந்தரத்தில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை லாரியில் இறக்கிவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, மாமாவுக்கு ஏதாவதா?"

"இல்ல. அந்தப் பொண்ணு என்கிட்ட 'அப்புறம்'னு சொல்லிட்டா."

அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு மனைவி கேபின் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"சரி, நீங்க என்ன பண்ணீங்க?"

"கீழயே நிக்கறேன்" என்றார் சாவி.